சமநிலை மும்ம எண்முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்தையும் இரண்டையும் தாண்டினால் முழு எண்களை எழுத எத்தனையோ அடிமானங்கள் (இடமதிப்பு எத்தனை மடங்காகப் பெருகும் என்று சொல்லும் எண்கள்) இருக்கின்றன. அவற்றில் என் மனதுக்கு மிக நெருக்கமானது சமநிலை மும்ம முறை. அடிமானம் மூன்று, ஆனால் இலக்கங்கள் 0, 1, 2 அல்ல, −1, 0, +1. கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தால் வரும் மீதி ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும், முழுவதையும் பின்தொடரலாம்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. +1 என்ற இலக்கத்தை + என்றும், −1 என்ற இலக்கத்தை − என்றும் எழுதி, முழு எண்ணையும் சதுர அடைப்புக்குள் வைக்கிறேன். [+−−] என்றால் அது ஓர் எண். அடைப்புக்கு வெளியே வரும் + − எல்லாம் வழக்கமான கூட்டல், கழித்தல் குறிகள்.

இந்த முறையில் ஓர் எண்ணை எப்படி வாசிப்பது?

வலமிருந்து இடமாக இடமதிப்புகள் 1, 3, 9, 27, 81, 243 என்று மும்மடங்காகப் பெருகும். ஒவ்வோர் இடத்திலும் மூன்றில் ஒன்று நடக்கும்: அந்த மதிப்பைச் சேர்க்கிறோம், விட்டுவிடுகிறோம், அல்லது கழிக்கிறோம். [+−−] என்பது 9 − 3 − 1, அதாவது 5. [+0−] என்பது 9 − 1, அதாவது 8.

முதல் பதின்மூன்று எண்களை வரிசையாகப் பார்த்தால் பழகிவிடும்: 1 [+], 2 [+−], 3 [+0], 4 [++], 5 [+−−], 6 [+−0], 7 [+−+], 8 [+0−], 9 [+00], 10 [+0+], 11 [++−], 12 [++0], 13 [+++]. மூன்று இலக்கங்கள் அத்தோடு தீர்ந்தன. 14 நான்கு இலக்க எண், [+−−−].

எல்லா முழு எண்களையும் இப்படி எழுத முடியுமா? ஒரே எண்ணுக்கு இரண்டு வடிவம் வந்துவிடாதா?

எல்லாவற்றையும் எழுதலாம்; ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வடிவம்தான். காரணம் எளிது. எந்த முழு எண்ணும் மூன்றின் மடங்காக இருக்கும், அல்லது ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும், அல்லது ஒன்று குறைவாக இருக்கும். ஆகவே கடைசி இலக்கம் எது என்பதில் நமக்குத் தேர்வே இல்லை. அதைக் கழித்து மூன்றால் வகுத்தால் இன்னொரு முழு எண் கிடைக்கும். அதன் கடைசி இலக்கமும் அதே போல முடிவாகிவிடும். எண் சிறுத்துக்கொண்டே போய் 0இல் நிற்கும்.

எண்ணிப் பார்த்தாலும் கணக்கு நேராகிறது. நான்கு இலக்கங்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் [++++] = 40; மிகச் சிறியது −40. இடையே உள்ள முழு எண்கள் 81. நான்கு இடங்களில் மூன்று இலக்கங்களை நிரப்பும் வழிகளும் 81. ஒன்றுகூட வீணாகவில்லை, ஒன்றுகூட விடுபடவில்லை.

ஒரு பதின்ம எண்ணை மாற்றுவது எப்படி?

மூன்றால் வகுத்துக்கொண்டே போக வேண்டும். மீதி 0 என்றால் 0, மீதி 1 என்றால் +. மீதி 2 வந்தால் − எழுதிவிட்டு ஈவோடு 1 சேர்த்துக்கொள்ள வேண்டும். 2 என்பது 3 − 1தானே.

100ஐ எடுத்துக்கொள்வோம். 100ஐ மூன்றால் வகுத்தால் ஈவு 33, மீதி 1: +. 33ஐ வகுத்தால் ஈவு 11, மீதி 0: 0. 11ஐ வகுத்தால் ஈவு 3, மீதி 2: − எழுதி ஈவை 4 ஆக்குகிறோம். 4ஐ வகுத்தால் ஈவு 1, மீதி 1: +. கடைசியில் 1: +. கீழிருந்து மேலே வாசித்தால் [++−0+]. சரிபார்க்க: 81 + 27 − 9 + 1 = 100.

இன்னொரு வழியும் உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும். ஐந்து இலக்கம் போதும் என்று தெரிந்தால், ஐந்து இலக்கங்களின் உச்ச எண்ணான 121ஐக் கூட்டுங்கள்: 221. இதைச் சாதாரண மும்ம முறையில் எழுதினால் 22012. இப்போது ஒவ்வோர் இலக்கத்திலும் 1ஐக் கழியுங்கள்: +, +, −, 0, +. அதே விடை. 121 என்பது [+++++]. முதலில் எல்லா இடத்திலும் ஒன்று கூட்டி, பிறகு எல்லா இடத்திலும் ஒன்று குறைத்தோம்.

நிரலில் எழுதினேன், குறை எண்களுக்குத் தப்பான விடை வருகிறது. ஏன்?

பெரும்பாலும் மீதிதான் காரணம். −7ஐ 3ஆல் வகுத்தால் மீதி என்ன என்பதில் நிரல்மொழிகளுக்குள் ஒற்றுமை இல்லை. பைதானில் 2 வரும். சி மொழியில் −1 வரும். மீதி 2 வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எழுதியிருந்தால், சி மொழியில் மீதி −2 வரும்போது நிரல் தடுமாறும். எளிய தீர்வு: குறை எண் வந்தால் அதன் மிகை எண்ணை மாற்றி எழுதி, கடைசியில் + − இரண்டையும் இடம் மாற்றிவிடுங்கள். அது ஏன் சரியாக வரும் என்பதுதான் அடுத்த கேள்வி.

குறை எண்ணுக்கு முன்னால் போடும் − குறி எங்கே போயிற்று?

இலக்கங்களுக்குள்ளேயே போய்விட்டது. இந்த முறையின் உயிர்நாடியே அதுதான்.

பதின்ம முறையில் −100 என்று எழுதும்போது, 100 என்ற எண்ணை எழுதிவிட்டு வெளியே ஒரு குறியை ஒட்டுகிறோம். அந்தக் குறி ஓர் இலக்கம் அல்ல; அதற்கு இடமதிப்பு கிடையாது. கூட்டும்போதும் ஒப்பிடும்போதும் அதற்கென்று தனி விதிகள் வேண்டும். முழு எண்களோ 0க்கு இருபுறமும் ஒரே மாதிரிப் பரவிக் கிடக்கின்றன. எண்களில் இருக்கும் அந்தச் சமச்சீர் பதின்ம எழுத்தில் இல்லை. சமநிலை மும்ம முறையில் இருக்கிறது. 100 என்பது [++−0+]. −100 என்பது [−−+0−]. ஒவ்வோர் இலக்கத்தையும் எதிராக்கினால் எதிரெண் கிடைத்துவிடுகிறது. இடதுகோடியில் உள்ள இலக்கம் + என்றால் மிகை எண், − என்றால் குறை எண்.

கணினி படித்தவர்களுக்கு இரண்டின் நிரப்பு முறை, அதாவது கணினிகள் குறை எண்களை இருமத்தில் எழுதும் வழி, நினைவுக்கு வரும். அங்கே எட்டு பிட்டில் (எட்டு இரும இலக்கங்களில்) −128 முதல் 127 வரை எழுதலாம். ஒருபக்கம் ஓர் எண் கூடுதல். அதனால் −128இன் எதிரெண்ணைக் கேட்டால் மறுபடியும் −128தான் வந்து நிற்கும். பல நிரல்கள் இந்த ஓர் எண்ணால் பழுதாகியிருக்கின்றன. சமநிலை மும்ம முறையில் அப்படி ஒரு துருத்தல் இல்லவே இல்லை. எத்தனை இலக்கம் எடுத்தாலும் எல்லை இருபுறமும் சமம்.

ஒப்பிடுவதிலும் இதே சுகம். இரண்டு எண்களை ஒரே நீளத்துக்கு 0 சேர்த்து எழுதி, இடமிருந்து பாருங்கள். முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே பெரிய இலக்கம் கொண்டதே பெரிய எண். 14 [+−−−], 13 [0+++]: முதல் இடத்திலேயே முடிந்தது. குறை எண்களுக்கும் அதே விதி. “குறை எண் என்றால் திருப்பிப் பார்” என்ற பின்குறிப்பு தேவையில்லை.

கூட்டல் எப்படி? கழித்தலுக்குக் கடன் வாங்க வேண்டுமா?

8 + 5ஐப் போடுவோம். [+0−], [+−−].

ஒன்றுகளின் இடத்தில் − இரண்டு சேர்ந்து −2. அதை −3 + 1 என்று பார்க்க வேண்டும்: + எழுதி, அடுத்த இடத்துக்கு − ஏற்றுகிறோம். மூன்றுகளின் இடத்தில் 0, −, ஏறி வந்த −: மறுபடி −2. மறுபடி + எழுதி − ஏற்றுகிறோம். ஒன்பதுகளின் இடத்தில் +, +, ஏறி வந்த −: மிச்சம் +. விடை [+++], 13.

கடன் வாங்கிக் கழிப்பது என்ற தனிப் பாடமே இங்கே கிடையாது. கழிக்க வேண்டிய எண்ணை எதிராக்கிக் கூட்டினால் முடிந்தது. 8 − 5 என்றால் [+0−] உடன் [−++] சேர்க்கிறோம். ஒன்றுகளில் − + சேர்ந்து 0, மூன்றுகளில் +, ஒன்பதுகளில் + − சேர்ந்து 0. விடை [+0], அதாவது 3. பல இடங்களில் +உம் −உம் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மேலே ஏற்றும் வேலையும் குறைகிறது.

பெருக்கல் வாய்பாடு?

மனப்பாடம் செய்ய எதுவுமில்லை. 0ஆல் பெருக்கினால் 0. +ஆல் பெருக்கினால் அதே எண். −ஆல் பெருக்கினால் எதிரெண். 7 × 5: [+−+]ஐ [+−−]ஆல் பெருக்க, 7இன் எதிரெண் [−+−]ஐ ஒருமுறையும், அதையே ஓர் இடம் தள்ளி ஒருமுறையும், 7ஐ இரண்டு இடம் தள்ளி ஒருமுறையும் எழுதிக் கூட்டுகிறோம். −7, −21, 63. கூட்டினால் [++0−], அதாவது 27 + 9 − 1 = 35.

வகுத்தல்?

இங்கே கொஞ்சம் சிரமம்தான். நீள் வகுத்தலில் அடுத்த இலக்கம் + ஆ, 0 ஆ, − ஆ என்பதைத் தீர்மானிக்க, மீதியை வகுக்கும் எண்ணின் பாதியோடு ஒப்பிட வேண்டும். பாதி என்பது இந்த அடிமானத்துக்கு ஒத்துவராத ஒன்று; ஏன் என்பது பின்னங்களில் தெரியும்.

தராசுப் புதிருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இரண்டும் ஒன்றே. 1 முதல் 40 வரை எந்த முழு எடையையும் இரு தட்டுத் தராசில் நிறுக்கக் குறைந்தது எத்தனை எடைக்கற்கள் வேண்டும்? நான்கு போதும்: 1, 3, 9, 27. பிரெஞ்சுக் கணித அறிஞர் பாஷே 1612இல் வெளியிட்ட கணக்குப் புதிர்த் தொகுப்பால் இது புகழ்பெற்றது. அதனால் பாஷேயின் எடைக்கல் புதிர் என்றே பெயர். ஆனால் 1202இலேயே இத்தாலியின் ஃபிபோனாச்சி இதை எழுதியிருக்கிறார்.

ஒவ்வொரு கல்லுக்கும் மூன்று கதி: பொருளுக்கு எதிர்த் தட்டில் வைக்கலாம் (+), வெளியே விடலாம் (0), பொருளோடு சேர்த்து வைக்கலாம் (−). 5 எடையுள்ள பொருளை நிறுக்க 9ஐ எதிர்த் தட்டிலும், 3ஐயும் 1ஐயும் பொருளோடும் வைக்கிறோம். அதுதான் [+−−].

பின்னங்களை எழுதலாமா? 0.999… = 1 என்பதுபோல் இங்கேயும் சிக்கல் வருமா?

எழுதலாம். புள்ளிக்குப் பின் இடமதிப்புகள் 1/3, 1/9, 1/27 என்று போகும். 1/3 என்பது [0.+]. 1/4 என்பது [0.+−+−+−…].

சிக்கல் இங்கேயும் உண்டு, ஆனால் வேறோர் இடத்தில். புள்ளிக்குப் பின் முடிவில்லாமல் + எழுதினாலும் கூடுதல் 1/3 + 1/9 + 1/27 + … = 1/2தான்; அதைத் தாண்டாது. ஆகவே முழு எண்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம்தான், 1க்கு இரட்டை வடிவம் கிடையாது. இரட்டை வடிவம் அரைகளுக்கு வருகிறது: 1/2 என்பது [0.+++…] என்றும் எழுதலாம், [+.−−−…] என்றும் எழுதலாம்.

இதிலிருந்து ஓர் அரிய பலன் கிடைக்கிறது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டி எறிந்தால் மிக அருகிலுள்ள முழு எண் தானாகவே வந்துவிடும். வெட்டிய பகுதி பாதியைத் தாண்ட முடியாது அல்லவா! பதின்ம முறையில் 5ஐவிடப் பெரிதா சிறிதா என்று பார்த்து முழுமைப்படுத்துகிறோம். இங்கே வெட்டுவதும் முழுமைப்படுத்துவதும் ஒரே செயல். 100 என்ற [++−0+]இல் கடைசி இரண்டு இலக்கங்களை 0 ஆக்கினால் [++−00] = 99; 100க்கு மிக அருகிலுள்ள ஒன்பதின் மடங்கு அதுவே. மூன்றை 0 ஆக்கினால் [++000] = 108; மிக அருகிலுள்ள 27இன் மடங்கு. எண் கூடுகிறதா குறைகிறதா என்று நாம் யோசிக்கவே இல்லை.

சரியாக நடுவில் நிற்கும் 1/2ஐ என்ன செய்வது என்ற பழைய குழப்பம் இரண்டு வடிவங்களாக வெளிப்படுகிறது. ஒன்றை வெட்டினால் 0, மற்றொன்றை வெட்டினால் 1.

வகுபடும் விதிகள் என்ன?

3ஆல் வகுபட, கடைசி இலக்கம் 0. இரட்டைப்படையா என்று பார்க்க, 0 அல்லாத இலக்கங்களை எண்ணுங்கள். எண்ணிக்கை இரட்டையானால் எண்ணும் இரட்டை. மூன்றின் அடுக்குகள் எல்லாமே ஒற்றைப்படை. ஒற்றைப்படை எண் ஒன்றைக் கூட்டினாலும் கழித்தாலும் இரட்டை ஒற்றையாகும், ஒற்றை இரட்டையாகும். [++−0+]இல் நான்கு, 100 இரட்டை.

4க்கு, இலக்கங்களை வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழிக்க வேண்டும். 3 என்பது 4 − 1 என்பதால். 8க்கு, இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரித்துக் கூட்ட வேண்டும்; 9 என்பது 8 + 1.

7க்கும் 13க்கும் உள்ள விதிதான் இவற்றில் அழகு. பதின்ம முறையில் இவை இரண்டும் தொல்லை பிடித்தவை. இங்கே மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்தால் போதும். 27 = 26 + 1 என்பதால் தொகுதிகளைக் கூட்டினால் 13க்கான சோதனை; 27 = 28 − 1 என்பதால் மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 7க்கான சோதனை. 91 என்பது [+0+0+]. வலப்பக்கத் தொகுதி [+0+] = 10, இடப்பக்கம் [+0] = 3. கூட்டினால் 13, கழித்தால் 7. 91 = 7 × 13 என்பதை எழுத்தே சொல்லிவிட்டது.

பகா எண்களை அடையாளம் காண இது உதவுமா?

அடிமானம் மாறினால் பகா எண் பகு எண்ணாகிவிடாது. ஓர் எண் பகா எண்ணா என்பது எண்ணின் பண்பு. அதன் கடைசி இலக்கம் என்ன என்பது எழுத்தின் பண்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஆனால் எழுத்தின் பண்பு எண்ணின் பண்பைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. ஓர் அடிமானத்தின் தரத்தை நான் அதை வைத்தே மதிப்பிடுவேன்.

2, 3 தவிர்த்த எந்தப் பகா எண்ணுக்கும் கடைசி இலக்கம் 0 ஆகாது; 0 அல்லாத இலக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாகவே இருக்கும். இதைப் பூர்த்திசெய்யும் எல்லா எண்ணும் பகா எண் அல்ல. 2, 3 இரண்டையும் வடிகட்டிவிட்டோம், அவ்வளவுதான். 0 இல்லாத மூன்று இலக்க மிகை எண்களை எழுதினால் 5, 7, 11, 13 வரும். நான்கும் பகா எண்கள். இதில் மயங்க வேண்டாம். ஐந்து இலக்கத்தில் அப்படிப் பதினாறு எண்கள் உண்டு. 49, 65, 95, 115, 119, 121 ஆகிய ஆறும் பகு எண்கள்.

உண்மையிலேயே மனதைத் தொடுவது இரட்டைப் பகா எண்கள். 2 வித்தியாசத்தில் இணையாக வருபவை: 5, 7; 11, 13; 17, 19. 3, 5 என்ற முதல் இணையை விட்டுவிட்டால், ஒவ்வோர் இணையின் நடுவிலும் நிற்பது மூன்றின் மடங்கு. ஆகவே சிறியது −இல் முடியும், பெரியது +இல் முடியும், மற்ற இலக்கங்கள் எல்லாம் அப்படியே ஒத்திருக்கும். எழுதிப் பாருங்கள்:

5 [+−−], 7 [+−+]
11 [++−], 13 [+++]
17 [+−0−], 19 [+−0+]
29 [+0+−], 31 [+0++]
59 [+−+−−], 61 [+−+−+]
71 [+0−0−], 73 [+0−0+]

பதின்ம முறையில் 29, 31 இரண்டும் உடன்பிறப்புகள் என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இங்கே கடைசி ஓர் இலக்கம்தான் வேறு. இப்படிப்பட்ட இணைகள் முடிவில்லாமல் உண்டா என்பது இன்னும் நிரூபிக்கப்படாத கேள்வி. அடிமானத்தை மாற்றுவதால் அது எளிதாகிவிடாது.

வர்க்க எண்கள், கன எண்கள்?

வர்க்க எண்ணின் கடைசியில் வரும் 0க்களை நீக்கினால் எஞ்சுவது +இல்தான் முடியும். 16 [+−−+], 25 [+0−+], 49 [+−−++], 36 [++00]. நீக்கிய 0க்களின் எண்ணிக்கையும் இரட்டையாகவே இருக்கும். −இல் முடியும் எண் எதுவும் வர்க்கமாகாது.

கன எண்கள் இன்னும் சுவையானவை. 8 [+0−], 27 [+000], 64 [+−+0+], 125 [+−−−0−], 343 [+++−0+]. கடைசிக்கு முந்தின இலக்கத்தைப் பாருங்கள்: எப்போதும் 0. கடைசி இலக்கமோ மூல எண்ணின் கடைசி இலக்கமே: 5 [+−−] −இல் முடிகிறது, 125உம் அப்படியே, 7 +இல் முடிகிறது, 343உம் அப்படியே. ஓர் எண்ணை 3a + d என்று எழுதினால் (d அதன் கடைசி இலக்கம்), கனத்தை விரிக்கும்போது d³ தவிர எல்லா உறுப்புகளும் 9இன் மடங்கு. d என்பது −1, 0, +1இல் ஒன்று என்பதால் d³ = d. ஆக, கடைசி இரண்டு இடங்களில் 0, d.

இது எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். மூன்று கன எண்களின் கூடுதலாக எந்தெந்த முழு எண்களை எழுதலாம் என்பது எண்கோட்பாட்டின் பெயர்பெற்ற கேள்வி. குறை எண்களின் கனங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கனமும் கடைசி இரண்டு இடங்களில் −1, 0, +1 என்ற மதிப்பை மட்டுமே தரும். மூன்றைக் கூட்டினால் −3 முதல் +3 வரை. இரண்டு இலக்க முடிவுகள் மொத்தம் ஒன்பது. அவற்றில் ஏழு இப்படிக் கிடைக்கின்றன. கிடைக்காதவை இரண்டு: [++] ஆகிய 4, [−−] ஆகிய −4. ஆகவே ++ என்றோ −− என்றோ முடியும் எந்த எண்ணையும் மூன்று கனங்களின் கூடுதலாக எழுதவே முடியாது. 4, 5, 13, 14, 22, 23 எல்லாம் அந்த வகை. “ஒன்பதால் வகுத்தால் மீதி 4 அல்லது 5 வரும் எண்கள்” என்று வழக்கமாகச் சொல்வதை இங்கே கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

மற்ற எல்லா எண்களையும் எழுத முடியுமா என்பதற்கு இன்னும் நிரூபணம் இல்லை. 100க்குக் கீழே கடைசிவரை பிடிகொடுக்காமல் நின்றவை 33உம் 42உம். [++−0], [+−−−0], இரண்டுமே தடைசெய்யப்பட்ட முடிவுகள் அல்ல. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ புக்கர் 2019இல் 33க்கு விடை கண்டார். அதே ஆண்டு அவரும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆண்ட்ரூ சதர்லேண்டும் சேர்ந்து 42க்கும் கண்டார்கள்; அதில் வரும் மூன்று எண்களும் பதினேழு இலக்கம் கொண்டவை.

முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கும் எண்கள் உண்டா?

உண்டு: 4, 7, 10, 13, 16, 28, 40. எந்த அடிமானத்திலும் இப்படிச் சில கிடைக்கும் என்பதால் நான் இதற்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை. ஆனால் பதின்ம முறையில் கற்பனையே செய்ய முடியாத வேறொரு வகை இங்கே இருக்கிறது: திருப்பி வாசித்தால் எதிரெண் வரும் எண்கள். 8 [+0−]ஐத் திருப்பினால் [−0+] = −8. 2 [+−], 20 [+−+−], 26 [+00−], 32 [++−−] எல்லாம் அப்படியே. இவை அனைத்தும் இரட்டைப்படை எண்கள்.

ஏன் மூன்று? வேறு அடிமானத்தில் இதைச் செய்ய முடியாதா?

ஒற்றைப்படை அடிமானம் எதிலும் செய்யலாம். ஐந்தில் −2 முதல் +2 வரை ஐந்து இலக்கங்கள். ஆனால் பெருக்கல் வாய்பாட்டின் எளிமை போய்விடும். இரண்டை அடிமானமாக வைத்து −1, 0, +1 என்று எழுதினால் 3க்கு 2 + 1 என்றும் 4 − 1 என்றும் இரண்டு வடிவம் வரும். அதற்கும் பயன் உண்டு. மறையாக்கக் கணக்குகளில் 0க்கள் நிறைய வரும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து வேலையைக் குறைக்கிறார்கள். ஒரே வடிவம், சமச்சீர், எளிய வாய்பாடு மூன்றும் சேர்ந்து கிடைப்பது மூன்றில் மட்டும்.

குறை எண்ணையே அடிமானமாக வைத்தாலும் − குறி தேவையில்லை என்கிறார்களே?

சரிதான். இத்தாலியின் விட்டோரியோ குரூன்வால்ட் 1885இலேயே இதை எழுதினார். அடிமானம் −2 என்றால் இடமதிப்புகள் 1, −2, 4, −8. அங்கே 2 என்பது 110, −2 என்பது 10. குறி தேவையில்லை, ஆனால் 2க்கும் −2க்கும் எழுத்தில் உறவே தெரியவில்லை. நீளம் ஒற்றையா இரட்டையா என்று எண்ணித்தான் மிகையா குறையா என்று சொல்ல வேண்டும். எனக்கு அது குறியை ஒழித்ததாகத் தோன்றவில்லை; ஒளித்துவைத்ததாகத்தான் தோன்றுகிறது.

மூன்றுதான் மிகச் சிக்கனமான அடிமானம் என்பது உண்மையா?

ஒரு குறிப்பிட்ட அளவுகோலில் உண்மை. மொத்தம் 30 நிலைகளை இலக்கங்களுக்குப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். பத்தடிமானத்தில் ஓர் இலக்கத்துக்குப் பத்து நிலை வேண்டும், ஆகவே மூன்று இலக்கம் கிடைக்கும்: 1,000 எண்கள். ஐந்தில் ஆறு இலக்கம்: 15,625. இரண்டில் பதினைந்து இலக்கம்: 32,768. மூன்றில் பத்து இலக்கம்: 59,049. கணக்கின்படி உச்சம் e ஆகிய 2.718…இல் இருக்கிறது, அதற்கு மிக அருகிலுள்ள முழு எண் 3.

ஆனால் மூன்று நிலைகள் கொண்ட உறுப்பு, இரண்டு நிலைகள் கொண்ட உறுப்பைப்போல் ஒன்றரை மடங்குதான் செலவு வைக்கும் என்று இந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையான மின்சுற்றுகள் அப்படி நடந்துகொள்வதில்லை. மின்சாரம் உண்டு, இல்லை என்ற இரண்டு நிலைகளைப் பிழையில்லாமல் பிரித்தறிவது மிக மலிவு. இரும முறை வென்றது அதனால்தான். இந்தச் சிக்கன வாதத்தை மட்டும் வைத்து மும்ம முறைக்காக வாதாடுவது அதற்கு நியாயம் செய்வதாகாது.

இதை வைத்து யாராவது கணினி செய்தார்களா?

செய்தார்கள். இங்கிலாந்தின் டெவன் பகுதியைச் சேர்ந்த தாமஸ் ஃபவுலர் 1840இல் மரத்தாலேயே ஒரு கணக்கிடும் எந்திரம் செய்தார்; அது சமநிலை மும்ம முறையில் இயங்கியது. இலக்கங்கள் மூன்றே என்பதால் உறுப்புகளை எளிமையாக வைக்க முடிந்தது. அந்த எந்திரம் இன்று இல்லை. அதைப் பார்த்த கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கன் எழுதிவைத்த விவரிப்பு எஞ்சியிருக்கிறது.

அடுத்தது மின்னணுக் காலம். மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிக்கோலாய் புருசென்ட்சோவ் தலைமையில் 1958இல் ‘செதூன்’ உருவானது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓடும் சிற்றாற்றின் பெயர் அது. எண்களை 18 மும்ம இலக்கங்களில் வைத்துக் கணக்கிட்டது. அத்தனை இலக்கங்களுக்கு 38,74,20,489 மதிப்புகள். சுமார் 50 எந்திரங்கள் தயாராயின. 1970இல் ‘செதூன் 70’ வந்தது. இரும முறைக்கென்றே உறுப்புகளும் மென்பொருளும் உலகெங்கும் பெருகிவிட்ட நிலையில் அந்த வரிசை அதோடு நின்றது.

இன்று பயன் ஏதும் உண்டா?

முழுக் கணினியாக இல்லை. −1, 0, +1 என்ற மூன்று மதிப்புகள் மட்டும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளின் எடைகளில், அதாவது உள்ளீடுகளைப் பெருக்கும் எண்களில், திரும்ப வந்திருக்கின்றன. 2024இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘1.58 பிட்’ மாதிரிகள் அந்த வகை. 1.58 என்பது மூன்று நிலைகளை பிட் கணக்கில் சொல்வது. பெருக்கல் போய்க் கூட்டலும் கழித்தலும் மட்டும் மிஞ்சுவதுதான் அவர்களுக்கு வேண்டியது. ஆனால் அங்கே இடமதிப்பு கிடையாது, ஆகவே அது எண்முறை அல்ல.

கையால் போட்டுப் பழக நல்ல கணக்குகள்?

364ஐயும் 365ஐயும் மாற்றிப் பாருங்கள். ஒன்று கூடியதும் எழுத்து என்ன ஆகிறது என்று பார்த்தால் மேலே ஏற்றுவது நன்றாகப் பிடிபடும்.

திருப்பி வாசித்தால் எதிரெண் வரும் எண்கள் ஏன் எல்லாமே இரட்டைப்படை? இலக்கங்களை ஓரங்களிலிருந்து இணை இணையாகப் பாருங்கள். நடு இடம் இருந்தால் அங்கே என்ன இலக்கம் வர முடியும் என்று யோசியுங்கள்.

1 முதல் 50 வரை மூன்று கனங்களின் கூடுதலாக எழுத முடியாதவற்றைப் பட்டியலிடுங்கள். வகுக்காமல், எழுத்தின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பார்த்துச் செய்யுங்கள். பன்னிரண்டு கிடைக்க வேண்டும். கடைசி இரண்டு 49உம் 50உம்.